ஹோப்ஸ்டில் தர்லோ பிறந்த வருஷம்

...இரண்டு வயது என்றால் எந்த இரண்டு வயது, முழுசாக முடிந்த இரண்டா, இல்லை நடந்துகொண்டிருந்த இரண்டா, அதுவும் அந்தப் போதகர் எழுதியது சரிதானா, ஊரே வயிற்றுப்போக்கில் விழுந்துகிடந்த மாதம், ஒரே நாளில் மூன்று குழி வெட்டியிருக்கிறார்கள், அலுத்துச் சலித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிற மனுஷனுக்கு ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு பெயர் விழாதா என்ன... ஹோப் கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். எழுத்து நகரவில்லை. ஜாப் தர்லோவின் மகள் ஹோப்ஸ்டில், வயது இரண்டு, புதைத்தோம், ஆகஸ்ட் 1664. ஒரே ஒரு வரி. அதற்கு மேலே யாருடைய பசுவோ காணாமல் போன சேதி, கீழே மழையே இல்லை என்கிற சேதி. முன்னூற்று அறுபது வருஷமாக இந்த நோட்டுக்குள் ஒரு குழந்தை செத்துக் கிடந்திருக்கிறது, ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை, நாளைக் காலை பத்து மணிக்கு ஹோப்ஸ்டில் பாட்டிக்கு நினைவுக்கல் திறப்பு என்று வைத்துக்கொண்டு, இன்றைக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் இவள்தான் வந்து திறந்து பார்க்க வேண்டுமா, வேறு ஆளே அகப்படவில்லையா.

அவள் வந்ததே இதற்கு இல்லை. அண்ணன் லைமன் அனுப்பினான், "ஊர்ப் பதிவேட்டுல ஹோப்ஸ்டில் தர்லோ பொறந்த வரி இருக்கு பாரு, அதை ஒரு படம் பிடிச்சுட்டு வா ஹோப்பி, பெருசா அடிச்சு மேஜையில வெச்சுடலாம், கண்ணால பாத்தாத்தான் ஒஹையோலேர்ந்து வர்ற நம்ம சொந்தக்காரங்க நம்புவாங்க" என்று. வந்தாள், பதிவேட்டை வாங்கினாள், மார்ச் 1662, ஜாப் தர்லோவுக்கு ஹோப்ஸ்டில் என்ற மகள் பிறந்தாள், படம் பிடித்தாள், ஐந்து நிமிஷ வேலை. அப்போதே கிளம்பியிருந்தால் இந்நேரம் நாளைய விருந்துக்கு பீன்ஸை ஊறப்போட்டிருப்பாள். இந்த வாண்டாதான், ஹாட்லோ வரலாற்றுச் சங்கத்தின் சாவியும் சட்டமும் தானே என்று உட்கார்ந்திருக்கிற வாண்டா, போகிறவளைக் கூப்பிட்டு, "இருங்க, முதல் போதகரோட சொந்த நோட்டு, திங்கக்கிழமைதான் ஒட்டித் தச்சு திரும்பி வந்துது, எந்தப் புஸ்தகத்துலயும் அச்சாகாதது, உங்க ஆளுங்க யாராச்சும் இருக்காங்களான்னு சும்மா பொரட்டுங்க" என்று பஞ்சுத் தலையணை மேல் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். சும்மா புரட்டினாள். இப்போது மூட முடியவில்லை.

ஒருவேளை வருஷக் கணக்கோ? அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரர்களுக்கு வருஷம் மார்ச் இருபத்தைந்தில்தானே பிறந்தது, அதற்கு முந்தின நாள்வரை பழைய வருஷம்தான், எத்தனை பேர் அதில் சறுக்கி மகனை அப்பனுக்கு முன்னால் பிறக்க வைத்திருக்கிறார்கள், லைமனே ஒருமுறை ஒரு கல்யாணத்தைக் குழந்தைக்குப் பின்னால் தள்ளி, அத்தை பெண்கள் எல்லாம் ஒரு வாரம் சிரித்தார்களே. அப்படி ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும். ஹோப் பென்சிலை எடுத்து, 1662 என்பதை 1661 என்று வைத்துப் பார்த்தாள், 1663 என்று வைத்துப் பார்த்தாள். எப்படித் திருப்பிப் போட்டாலும் குழந்தை பிறக்கிறது, ஒன்றோ இரண்டோ மூன்றோ வருஷத்தில் செத்துப் போகிறது. செத்துப்போன குழந்தை 1683-இல் எலியேசர் கெம்பரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒன்பது பிள்ளை பெற்று, 1741 வரைக்கும் உயிரோடு இருந்து, பதினோரு தலைமுறை தாண்டி ஹோப் கெம்பர் என்று ஒருத்தி இங்கே உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும்படி செய்வது எப்படி?

அந்த ஒரு பெண்பிள்ளையில்தான் எல்லாமே தொங்குகிறது, அதுதான் கஷ்டம். கெம்பர் எங்கிருந்து வந்தான் என்று எவனுக்கும் தெரியாது, கப்பலிலிருந்து குதித்தானோ வானத்திலிருந்து விழுந்தானோ. ஜாப் தர்லோ அப்படியில்லை. சஃபோக் மாவட்டத்தில் இன்ன கோயில், இன்ன தேதியில் ஞானஸ்நானம், 1637-இல் கப்பல், பாஸ்டன், பிறகு ஆற்றோரமாக மேலே ஏறி இந்த ஊர், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. கெம்பர் வீட்டாருக்கு இங்கிலாந்தில் ஒரு பிடி மண் உண்டென்றால் அது ஜாப் தர்லோவின் மகள் வழியாக வந்தது மட்டும்தான். அந்த மண்ணையும் லைமன் கொண்டுவந்துவிட்டான், கேலிக்கில்லை, நிஜமாகவே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி நோராவோடு போய், அந்தக் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்று அழுது, வெளியே வந்து ஒரு மாத்திரை டப்பாவில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தான். தொட்டியருகே அவன் நிற்கிற படத்தை எடுத்தது நோரா. அவளுடைய கட்டைவிரல் படத்தின் ஓரத்தில் மங்கலாக விழுந்திருக்கும். ஜனவரியில் நோரா கண்ணை மூடிவிட்டாள். அதற்கப்புறம் லைமன் சாப்பிட்டதும் தூங்கினதும் இந்தக் கல்லுக்காகத்தான், எழுபத்திரண்டு வயதில் தினமும் கல் தச்சர் பட்டறைக்குப் போய் எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றான். நாளைக்கு அறுபது பேர் வருகிறார்கள், அந்தப் படத்தைக் கட்டைவிரலை வெட்டாமல் அப்படியே அச்சடித்து எல்லார் கையிலும் கொடுக்கப் போகிறான், டப்பா மண்ணைக் கல்லடியில் தூவப் போகிறான். ஹோப்ஸ்டில் தர்லோ கெம்பர், சஃபோக் ஜாப் தர்லோவின் மகள், நம் எல்லோருக்கும் தாய், 1662–1741. வெட்டியாயிற்று. கருங்கல்லில். இந்த வரியை அவனிடம் போய்ச் சொல்வதா?

சொல்லாவிட்டால்? நோட்டை மூடி, நன்றி சொல்லி, வீட்டுக்குப் போய் பீன்ஸை ஊறப்போட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது, வாண்டாவைத் தவிர... வாண்டா மேஜைக்கு வந்துவிட்டாள், இவள் முகத்தைப் பார்த்தே வந்திருப்பாள், இந்த அறையில் உட்காருகிறவர்கள் முகம் எப்போது எப்படி மாறும் என்று அவளுக்கு அத்துப்படி. எட்டிப் பார்த்து வரியைப் படித்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"போயிட்டாளா உங்க பாட்டி? அட, இதுக்கா மூஞ்சி இப்படிப் போச்சு. அடுத்தது பொறந்திருக்கும், அதே பேரை வெச்சிருப்பாங்க. உங்க ஆளுங்க பண்றதுதானே. இந்த ஊர்ல ஒரே வீட்டுல மூணு சாமுவேலை நான் காட்டறேன் உங்களுக்கு, ரெண்டு குழியில, ஒண்ணு நாற்காலியில."

"தெரியும்" என்றாள் ஹோப்.

"அதையும் இதையும் சேத்து ஒரே ஆளாக்கிட்டு வந்து நிக்கறவங்க வாரத்துக்கு ரெண்டு பேராவது இருப்பாங்க. நல்ல வேளை, எங்க போலந்துக்காரங்க வந்தே நூறு வருஷம்தான் ஆகுது. எங்க குடும்ப மரம் ஒரு பூந்தொட்டியில அடங்கிடும், தண்ணி ஊத்தினாப் போதும்." சிரித்துக்கொண்டே, பதிவேட்டைக் கேட்டு எழுதிக் கொடுத்த சீட்டை மேஜையிலிருந்து எடுத்தாள், அதில் ஹோப் தன் முழுப் பெயரை எழுதியிருந்தாள், ஹோப்ஸ்டில் ஆன் கெம்பர், வாண்டா அதைப் படித்துவிட்டு, "ஓ, நீங்களும் அதுதானா" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

நானும் அதுதான். தெரியும் என்று சொன்னது புஸ்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை, வாண்டாவுக்கு அது எப்படித் தெரியும். கெம்பர் வீட்டில் தலைமுறைக்கு ஒரு ஹோப்ஸ்டில் இருந்தாக வேண்டும், அப்பா அதில் ஒரே பிடியாக இருந்தார், அதனால் இவளுக்கு முன்னால் பிறந்த ஹோப்ஸ்டில் ஒரு காலையில் தொட்டிலில் மூச்சில்லாமல் கிடந்தபோது பெயர் அப்படியே வீட்டில் மிச்சமிருந்தது, அடுத்து வந்த இவளுக்கு மாட்டிவிட்டார்கள், அக்கா போட்டுக் கழித்த கவுனை மாட்டிவிடுவதுபோல. ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், புதுப் பகுதியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல். வருஷாவருஷம் மே மாசக் கடைசியில் எல்லோரும் தங்கள் தங்கள் கல்லுக்குப் பூ வைக்கப் போகிற நாளில், அம்மா இவள் கையில் ஜெரேனியம் தொட்டியைக் கொடுத்து முன்னால் நடக்கவிடுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற வருஷம், ஆறு வயசோ, ஏழோ, கல் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு இவள் கேட்டாள், "அம்மா, நான் எப்போ செத்தேன்?" அம்மா ஜெரேனியம் தொட்டியைக் கல்லோடு ஒட்டி நகர்த்தி வைத்தாள். "அது நீ இல்ல. பேசாம தண்ணிய ஊத்து." அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பேசினார்கள், "உனக்கென்னடி, கல்லு ரெடி" என்று. அம்மா இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே நாலு வயசுக்கு அப்புறம்தான் என்று ஒரு சித்தி பிற்பாடு சொன்னாள், அதுவரைக்கும் பாப்பா, பாப்பாதான். ஏன், பெயரைச் சொன்னால் இரண்டில் எது திரும்பிப் பார்க்கும் என்று பயமா? அம்மா இவளைத் தூக்கும்போது யாரைத் தூக்கினாள்? இதையெல்லாம் அம்மா உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆனால் லைமன் இருந்தானே. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொஞ்சம் இளகுகிறது. இவள் பிறந்ததைப் பற்றி அந்த வீட்டில் ஒரே ஒரு நல்ல கதை உண்டு, அது லைமனுடையது, விருந்து மேஜையில் எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு அலுக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து கார் வந்து நிற்கிறது, அம்மாவுக்கு இறங்க முடியவில்லை, குழந்தையை அவன் கையில் கொடுக்கிறார்கள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறான், லைலாக் புதர் பக்கத்தில் வரும்போது ஒரு பூ உதிர்ந்து குழந்தையின் நெற்றியில் விழுகிறது, குழந்தை தும்முகிறது, தும்மிவிட்டுக் கண்ணைத் திறந்து அவனைப் பார்க்கிறது. எங்கே நிறுத்துவான் என்று இவளுக்குத் தெரியும், நிறுத்துவான், இவள் கேட்க வேண்டும், "நான் தும்மினேனா?" என்று, அவன் சொல்வான், "தும்மின. தும்மிட்டு நேரா என்னைப் பாத்த." அறுபது வருஷமாக இப்படி. புருஷன் விட்டுப் போன வருஷம்கூட போனில் சொன்னான், இவள் கேட்டாள், அவன் சொன்னான். இரண்டாவது ஹோப்ஸ்டிலாக இல்லாமல், அவளை அவளாகவே ஒருத்தன் பார்த்தான் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. அப்படிப்பட்டவனிடம் போய், உன் கல்லில் இருக்கிறது தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லாமலும் முடியாது, அதுதான் இவள் புத்தி. இரண்டாவது ஹோப்ஸ்டில் தர்லோ ஒருத்தி இருந்தால், அவளையாவது கண்டுபிடிக்கலாம். நாலு மணிவரை தேடினாள், பதிவேட்டில் 1664-க்கும் 1670-க்கும் நடுவில் இரண்டு தாளை எலியோ காலமோ தின்றிருந்தது, மீதியில் தர்லோ வீட்டில் ஒரு ஜான், ஒரு ரூத், ஹோப்ஸ்டில் இல்லை. போதகரின் நோட்டில் 1665 நவம்பரில் ஒரு வரி, ஜாப் தர்லோவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பிள்ளை. ஆணா பெண்ணா, பெயர் என்ன, ஒன்றும் இல்லை. பசு மாட்டுக்கு நிறம் முதற்கொண்டு எழுதுகிற மனுஷன், பிள்ளைக்கு ஒரு பெயர் எழுதக் கூடாதா? அந்தப் பிள்ளைதான் அவளா? அவளாக இருந்தால் கல்யாணத்தின்போது பதினேழு, பொருந்துகிறது, இங்கிலாந்தும் தப்பிக்கிறது, மண்ணும் தப்பிக்கிறது. இல்லை, அது ஜானாக இருந்தால்? அப்போது கெம்பரைக் கட்டிக்கொண்ட ஹோப்ஸ்டில் யார், எங்கேயோ அநாதையாகக் கிடந்த ஒரு பெண்ணை எடுத்து வந்து, காலியாக இருந்த பெயரைக் கொடுத்து வளர்த்தார்களா, அப்படியானால் சஃபோக் தொட்டிக்கும் லைமன் கைக்கும் என்ன சம்பந்தம், நோராவின் கட்டைவிரலுக்கு என்ன சம்பந்தம்... ஒருவேளை ஜாப் தர்லோவின் மனைவியும் அம்மாவைப்போல அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட நாலு வருஷம் காத்திருந்தாளோ, அதனால்தான் போதகருக்கே பெயர் தெரியவில்லையோ. சீ, என்ன யோசனை இது, ஆதாரமே இல்லாமல். வாண்டா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தாள். ஹோப் அந்த இரண்டு வரிகளையும் படம் பிடித்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டம் நடக்கிற தூரம்தான். நடந்தாள், வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று, லைமன், ஒரு சின்னச் சிக்கல், வேண்டாம், லைமன், உட்காரு, அதைவிட மோசம், இதயத்துக்குள் குழாய் வைத்தவனிடம் உட்காரு என்று சொன்னாலே பாதி உயிர் போய்விடும். வாசல் கதவுக்குப் பக்கத்தில் லைலாக் புதர் ஒரே ஊதாவாக நின்றுகொண்டிருந்தது, இந்த ஊரில் அதற்கு வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள்தான். புது நினைவுக்கல்லை லைமன் நீலத் தார்ப்பாயால் மூடி, துணிக்கொடிக் கயிற்றால் கட்டியிருந்தான். அதனடியில் மண்டியிட்டு, ஆடு மயிர் கத்தரிக்கிற பழைய கத்தரியால் புல்லை வெட்டிக்கொண்டிருந்தான்.

"படம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. இன்னொண்ணும் கிடைச்சுது, லைமன்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள், நிறுத்தினால் பாதியில் விட்டுவிடுவோமோ என்று பயந்து, போனில் அந்த வரியையும் காட்டினாள். அவன் கத்தரியை வைத்துவிட்டுக் குதிகாலில் உட்கார்ந்து படித்தான். ரொம்ப நேரம் படித்தான்.

"ரெண்டு வயசா. பாவம்" என்றான். பிறகு, "சரி, அடுத்ததுக்கும் அதே பேரை வெச்சிருப்பாங்க. அதுக்கென்ன. நம்ம வீட்டுல வெக்கலயா."

"அதுக்கு எழுத்துல ஆதாரம் இல்ல. பேர் இல்லாம ஒரு பிள்ளை, அவ்வளவுதான்."

"அவதான் அது. செத்தவளா எழுந்து வந்து கெம்பரைக் கட்டிக்கிட்டா?"

"அப்படியே இருக்கட்டும். கல்லுல 1662ன்னு இருக்கு. அது செத்துப்போன கொழந்தையோடது. 1741 இன்னொருத்தியோடது. ரெண்டு பேரை ஒட்டவெச்சு ஒரு ஆளாக்கி நிறுத்தியிருக்க."

"ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே பேரு. மூணு வருஷம் முன்னப் பின்ன. யாரு வந்து கேக்கப் போறா ஹோப்பி?"

"நான் கேக்கறேன்" என்றாள், குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி உடைந்தது. "ஒரே பேருன்னா ஒரே ஆளா? அந்தக் கொழந்தைக்கு ரெண்டு வருஷம் இருந்துது, அது அதோடது. மத்தவளுக்கு மத்ததெல்லாம். அவளுக்குன்னு ஒரு பொறந்த தேதிகூட வேணாமா?"

லைமன் கல்லைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான், முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான், கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தாள், வாசல் பக்கம் போனவன் லைலாக் கொத்து ஒன்றை ஒடித்துக்கொண்டு திரும்பி வந்தான். அதைக்கொண்டு அவள் நெற்றியில் லேசாகத் தட்டினான். "எனக்கு எட்டு வயசு" என்று ஆரம்பித்தான், சமாதானம் செய்ய அவனுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். "கார் வந்து நிக்குது. அம்மாவால எறங்க முடியல. என் கையில குடுத்தாங்க. கனமே இல்ல. வாசல்ல இதே மாதிரி லைலாக் பூத்துத் தொங்குது, கிட்ட வரும்போது ஒரு பூ உதுந்து சரியா உன் நெத்தியில..." நிறுத்தினான். அவளைப் பார்த்தான். அவள் கேட்க வேண்டிய இடம்.

கேட்க வாயைத் திறந்தாள். மத்தியானம் முழுக்கத் தேதியைத் தேதியோடு வைத்துப் பார்த்த புத்தி, நிறுத்து என்றாலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது... லைலாக் பூப்பது மே மாசம். மேயில் அந்தப் பத்து நாள். நான் பிறந்தது நவம்பர். அறுபத்தொன்று நவம்பர், இந்த ஊரில் நவம்பரில் புதரில் குச்சிதான் இருக்கும், இலைகூட இருக்காது. லைமனுக்கு அப்போது எட்டில்லை, ஒன்பது. அந்த வெள்ளைக் கல்லில் என்ன இருக்கிறது, வருஷாவருஷம் தண்ணீர் ஊற்றின கல்தானே, ஆகஸ்ட் 1960, மூன்று மாதம். ஆகஸ்டிலிருந்து மூன்று மாதத்தைக் கழித்தால் மே. மே மாசம், எட்டு வயசு, லைலாக். பொய் சொல்லவில்லை அவன், லைமனுக்குப் பொய் வராது, ஒரு குழந்தையை நிஜமாகவே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறான், அது தும்மியிருக்கிறது, அவனைப் பார்த்திருக்கிறது, ஆகஸ்டில் தொட்டில் காலியாகிவிட்டது, அந்த வீட்டில் யாரும் அவனிடம் ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள், அடுத்த வருஷம் அதே பெயரில் ஒன்று வந்து அதே தொட்டிலில் படுத்துக்கொண்டது. எட்டு வயசுப் பிள்ளை வேறென்ன செய்வான். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் இந்தக் கதையை, ஒரு தடவைகூட மாதத்தைப் பார்க்கவில்லையே, நோட்டுக்கு நோட்டு தேதி பார்க்கிற நான்... அப்படியானால் என்னை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? யாராவது தூக்கித்தானே வந்திருக்க வேண்டும். நடந்தா வந்தேன்?

லைமன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி புரிந்துகொண்டான். "சரி, சரி" என்றான், தாழ்ந்துபோய். "உனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்தா கல் தச்சரைக் கூப்பிடறேன். நாளைக்குள்ள முடியாது, ஆனா மாத்திடலாம். 1662ஐ எடுத்துட்டு 1665ன்னு போடச் சொல்றேன். நீ சொல்லு. நீ சொன்னா மாத்தறேன். எது யாரோடதோ அது அவங்களுக்குப் போகட்டும்."

அவள் சொல்லட்டும் என்று நிஜமாகவே காத்திருந்தான். நல்ல வெயில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து தொட்டிகளை நிரப்புகிற சத்தம் கேட்டது. எது யாரோடதோ அது அவங்களுக்கு. ஒரு வார்த்தை போதும், மாற்று என்றால் மாற்றிவிடுவான், அப்புறம் இதையும் மாற்ற வேண்டும், அந்தத் தும்மலையும் எடுத்து வெள்ளைக் கல்லுக்குக் கொடுக்க வேண்டும், அது கேட்கவே இல்லை, அதற்கு ஜெரேனியம் போதும் என்று இருந்துவிட்டது, எனக்கு வேறு என்ன இருக்கிறது? இதைச் சொன்னால் லைமனுக்கு அந்தக் குழந்தையும் நானும் இரண்டு பேருமே போய்விடுவோம், நோராவும் போய் நாலு மாதம்தான் ஆகிறது. ஆனால் அந்தக் குழந்தையை உலகத்தில் ஞாபகம் வைத்திருப்பது இவன் ஒருத்தன்தான், அதுவும் என் பெயரில்... என் பெயரா, அதன் பெயரா?

"என்ன ஹோப்பி? மாத்தணுமா, வேணாமா?"

"நான் தும்மினேனா?" என்று கேட்டாள் ஹோப்.

லைமன் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. "தும்மின" என்றான். "தும்மிட்டு நேரா என்னைப் பாத்த."

பூங்கொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, கல்லைப் பற்றின பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக் கட்டப் போனான். ஹோப் அங்கேயே நின்றாள், இந்தப் பக்கம் நீலத் தார்ப்பாய், சுவரைத் தாண்டி நாற்பதடியில் அந்த வெள்ளைக் கல், இந்தக் கொத்தை அங்கே போய் வைத்துவிட்டு வர ஒரு நிமிஷம்கூட ஆகாது, வைத்தால் லைமன் பார்ப்பான், ஏன் என்று கேட்பான், கேட்டால்... பீன்ஸை வேறு இன்னும் ஊறப்போடவில்லை, மணி ஐந்து ஆகப்போகிறது. லைலாக் அவள் கையிலேயே இருந்தது.